கோஷா ஆஸ்பத்திரி கண்ட பெண் மருத்துவர்

நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில் வெளிவரும் இம்மலரில், நம் முன்னோர்கள் கடல் கடந்து வந்ததும், கடைவீதிகளில் பாடுபட்டதும், பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் சங்கங்களையும் கட்டி எழுப்பியதும் பேசப்படுவது இயல்பே. ஆனால் அந்த வரலாற்றில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே வருகின்றன. அதே காலத்தில் நம் பெண்கள் எங்கே இருந்தார்கள், எப்படிப் பிள்ளை பெற்றார்கள், நோயுற்றபோது யாரிடம் சொன்னார்கள் என்பதை நாம் அதிகம் எழுதி வைக்கவில்லை.

குடும்ப வம்சாவளியைச் சொல்லும்போது நம் பெரியவர்கள் சில வேளைகளில் ஒரு வரி சொல்வார்கள். "பெரியவருக்கு முதல் தாரம் பேறுகாலத்தில் மௌத்து, அதற்குப் பிறகு இரண்டாம் தாரம்." அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டால் பலருக்கும் தெரியாது. எதனால் மௌத்தானார் என்று கேட்டால், "பிரசவத்தில்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போன பெண்கள் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அவர்களுக்கு என்ன நேர்ந்தது, அந்த நிலை எப்படி மாறியது என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

இந்த வரலாறு சிங்கப்பூரில் தொடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கு வந்த தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் தனியாக வந்த ஆண்கள். நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கூத்தாநல்லூர், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து சபர் வந்தவர்களின் மனைவிமார் ஊரிலேயே இருந்தார்கள். கடையநல்லூர், தென்காசிப் பகுதியிலிருந்து வந்தோர் குடும்பத்தோடு வந்து தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறியதை இதற்கு விதிவிலக்காகச் சொல்லலாம். சபராளிகளின் பிள்ளைகள் பெரும்பாலும் ஊரில்தான் பிறந்தார்கள். பிள்ளை பிறந்த செய்தி கப்பல் கடிதத்தில் வரும். தாய் இறந்த செய்தியும் கப்பல் கடிதத்தில்தான் வரும். ஆகவே நம் பெண்களின் உடல்நல வரலாற்றைத் தேடினால், அது நம்மை முதலில் அன்றைய மதராஸ் மாகாணத்திற்கு அழைத்துச் செல்கிறது. அங்கே நாம் சந்திக்க வேண்டிய ஒருவர் டாக்டர் மேரி ஷார்லீப்.

மூலையும் திரையும்

சென்னைக்குச் செல்லும் நம்மவர்களில் பலருக்குத் திருவல்லிக்கேணி பழக்கமான இடம். வாலாஜா பெரிய பள்ளிவாசலில் தொழுதிருப்பார்கள். அதே வட்டாரத்தில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள். ஆட்டோ ஓட்டுநரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும்.

கோஷா என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். மூலை, ஒதுங்கிய இடம் என்பது அதன் பொருள். அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள் வாழ்வதற்கு அந்தப் பெயர் வழங்கியது. மதராஸ் நகரின் உருது பேசும் முஸ்லிம் குடும்பங்களில் அது கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழ் பேசும் கடலோர ஊர்களிலும் அந்த வழக்கம் ஊன்றியிருந்தது. காயல்பட்டினத்தில் பெண்கள் ஒரு தெருவிலிருந்து மறு தெருவிற்குப் போக 'முடுக்கு' என்னும் குறுகிய சந்துகளே தனியாக உண்டு. வசதியுள்ள இந்துக் குடும்பங்கள் சிலவும் தங்கள் பெண்களை ஆண் மருத்துவரிடம் காட்ட உடன்படவில்லை.

அன்றைய ஆங்கில மருத்துவர்களோ அனைவரும் ஆண்கள். எனவே பிரசவம் வீட்டில், மருத்துவச்சியின் கையில் நடந்தது. அனுபவம் மிகுந்த மருத்துவச்சிகள் பலர் இருந்தார்கள். எத்தனையோ பிள்ளைகளை நல்லபடியாக உலகிற்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். சிக்கலில்லாத பிரசவத்திற்கு அவர்களின் அனுபவம் போதுமானதாக இருந்தது. சிக்கல் வந்தபோதுதான் ஆபத்து. பிள்ளை குறுக்காகக் கிடந்தாலோ, தாயின் இடுப்பெலும்பு குறுகியிருந்தாலோ நாட்கணக்கில் வலி நீடிக்கும். நஞ்சுக்கொடி முழுமையாக வெளிவராவிட்டால் இரத்தப்போக்கு நிற்காது. கழுவாத கையாலும் சுத்தமில்லாத துணியாலும் கிருமி புகுந்தால் மூன்றாம் நாள், நான்காம் நாள் காய்ச்சல் கண்டு தாய் இறந்துபோவார். 'ஜன்னி கண்டுவிட்டது' என்று சொல்லப்பட்ட மரணங்களில் பல இவ்வகையானவை. தொப்புள்கொடியைச் சுத்தமில்லாத கருவியால் அறுப்பதால் பச்சிளங் குழந்தைகள் ஏழெட்டு நாளில் வலிப்பு வந்து இறந்தன. அது ரணஜன்னி என்பதும், கருவியைக் கொதிக்க வைத்தாலே பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதும் அன்றைய வீடுகளில் தெரியாது.

வழக்கறிஞரின் மனைவி மாணவியானார்

மேரி 1845ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அவர் பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துபோனார். பேறுகால மரணம் என்றால் என்ன என்பதை அவர் பிறப்பிலேயே அறிந்தவர் என்று சொல்லலாம். 1865இல் வில்லியம் ஷார்லீப் என்னும் வழக்கறிஞரை மணந்து, மறு ஆண்டு கணவருடன் மதராஸ் வந்து சேர்ந்தார்.

கணவரின் தொழில் வழியாக உள்ளூர்க் குடும்பங்களின் செய்திகள் அவர் காதுக்கு எட்டின. ஆண் மருத்துவரை அழைக்க முடியாததால் பிரசவத்தில் துன்புற்று இறந்த முஸ்லிம், இந்துப் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். இரக்கப்பட்டதோடு நிற்காமல், தாமே கற்றுக்கொண்டு உதவுவது என்று முடிவு செய்தார். முதலில் மதராஸ் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியில் மகப்பேற்றுப் பணி பழகினார். பிரசவம் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, முழு மருத்துவமும் கற்க வேண்டும் என்பது அங்கே அவருக்குப் புரிந்தது.

அந்நாளில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களிலேயே பெண்களுக்கு மருத்துவப் பட்டம் இல்லை. ஆனால் மதராஸில் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எட்வர்ட் பால்ஃபோர், பெண்களுக்கு மருத்துவம் கற்பிக்க வேண்டும் என்ற கருத்துடையவர். அவரது ஆதரவுடன் 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரி 4 பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி. அப்போது அவருக்கு வயது 30. மூன்று பிள்ளைகளின் தாய். 1878இல் படிப்பை முடித்துத் தேர்ச்சி பெற்றார்.

அதே ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. மேரி இங்கிலாந்து சென்று லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் மாணவியானார். 1882இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மகப்பேற்று மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் கிடைத்தது. அதன்பின் வியன்னா சென்று மகப்பேற்று அறுவை மருத்துவம் பழகினார். பிரசவம் பார்ப்பவர்கள் கையைக் கழுவினாலே பேறுகாலக் காய்ச்சல் குறைந்துவிடும் என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் 1847இல் எடுத்துக்காட்டியது அந்த வியன்னாவில்தான். 1883இல் இந்தியா திரும்பும் முன் விக்டோரியா மகாராணியைச் சந்தித்து, இந்தியப் பெண்களின் நிலையை எடுத்துரைக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது.

1885: பெண்களால் பெண்களுக்காக

மதராஸ் திரும்பிய டாக்டர் ஷார்லீப், வீடு வீடாகச் சென்று வைத்தியம் பார்த்தார். ஆனால் வீட்டில் வைத்துச் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. அறுவை சிகிச்சைக்குச் சுத்தமான அறையும், உதவிக்குப் பயிற்சி பெற்ற தாதியரும், இரவு பகலாகக் கவனிக்கும் ஏற்பாடும் தேவை. ஆகவே திரைக்குள் வாழும் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று முயன்றார். 1885இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு தோட்ட வீட்டில் அது தொடங்கியது. மகாராணியின் பெயரால் 'விக்டோரியா சாதி மற்றும் கோஷாப் பெண்கள் மருத்துவமனை' எனப்பட்டது. பெண் மருத்துவரும் பெண் தாதியரும் பணிபுரிந்த இடம் என்பதால், அதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத குடும்பங்களும் தங்கள் பெண்களை அனுப்பத் துணிந்தன.

பின்னர் அரசு சேப்பாக்கம்–திருவல்லிக்கேணிப் பகுதியில் நிலம் வழங்கியது. வெங்கடகிரி ராஜா கட்டடத்திற்கு ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்தார். 1890இல் மருத்துவமனை அங்கு இடம் மாறியது. 1921இல் அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. நாடு விடுதலை அடைந்தபின் கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. ஒரு கிறிஸ்தவப் பெண்மணியின் முயற்சி, ஓர் இந்து மன்னரின் கொடை, கோஷா முஸ்லிம் பெண்களின் தேவை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்ததை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு செய்தியை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். டாக்டர் ஷார்லீப் அந்தப் பெண்களிடம் திரையை விட்டு வெளியே வந்தால்தான் வைத்தியம் என்று சொல்லவில்லை. வைத்தியத்தைத் திரைக்குள் கொண்டுபோனார். அதன் பிறகு பெண்கள் வந்தார்கள். ஆகவே, அதற்கு முன் அவர்கள் வராததற்குக் காரணம் அறியாமையும் பிடிவாதமும்தான் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் நம்பிச் செல்லக்கூடிய ஓர் இடத்தை அதுவரை எவரும் ஏற்படுத்தித் தரவில்லை. அதை ஏற்படுத்த வேண்டிய பொறுப்பு அதிகாரம் படைத்த ஆண்களிடமும், செல்வம் படைத்த குடும்பங்களிடமும் இருந்தது. நம் சமுதாயத்திலும் அப்படிப்பட்டோர் இருந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

சொல்லிக் கொடுத்த மருத்துவர்

டாக்டர் ஷார்லீப் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் மகப்பேற்று மருத்துவம் கற்பிக்கவும் செய்தார். தாம் ஒருவரே எத்தனை வீடுகளுக்குச் செல்ல முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உடல்நலம் குன்றியதால் 1887இல் இங்கிலாந்து திரும்பினார். அடுத்த ஆண்டு லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். பெண்களே நடத்திய 'பெண்களுக்கான புதிய மருத்துவமனை'யில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தார். 1902இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பெண்நோய் மருத்துவராக நியமிக்கப்பட்டார். அந்த நகரின் பொது மருத்துவமனை ஒன்றில் அத்தகைய பதவிக்கு ஒரு பெண் வருவது அதற்கு முன் கேள்விப்படாத ஒன்று.

அவரது வாழ்வின் மற்றொரு பாதி எழுத்திலும் பேச்சிலும் கழிந்தது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் வாழும் பெண்கள் தங்கள் உடல்நலத்தைப் பேணுவது பற்றி 1895இலேயே ஒரு நூல் எழுதினார். பிள்ளை வளர்ப்புப் பற்றித் தாய்மாருக்கு ஒரு வழிகாட்டி எழுதினார். 1915இல், தமது 70ஆம் வயதில், பிறப்பு முதல் முதுமை வரை பெண்ணின் ஏழு பருவங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பூப்பெய்தும் சிறுமிக்கு என்ன சொல்ல வேண்டும், கருவுற்றவர் எதைக் கவனிக்க வேண்டும், மாதவிடாய் நிற்கும் வயதில் உடலில் என்ன மாற்றம் வரும் என்பதெல்லாம் மரியாதைப்பட்ட குடும்பங்களில் வாய்விட்டுப் பேசப்படாத காலம் அது. இந்தியாவில் துணித் திரை இருந்தது என்றால், இங்கிலாந்தில் மௌனம் என்னும் திரை இருந்தது. அந்தத் திரைக்குள்ளும் அவர் சென்றார்.

அவரது கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. கருத்தடை முறைகளை அவர் இறுதிவரை எதிர்த்தார். அதில் அன்றைய பெண் மருத்துவர்கள் பலரோடும் மாறுபட்டார். பேரரசின் பெருமையில் அக்கால ஆங்கிலேயருக்கு இருந்த நம்பிக்கை அவருக்கும் இருந்தது. ஆயினும் ஒன்றில் அவர் உறுதியாக இருந்தார். நோய் வந்தபின் வைத்தியம் பார்ப்பது மருத்துவரின் வேலையில் பாதிதான். நோய் வராமல் காத்துக்கொள்ளப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பது மறுபாதி. 1926இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு 'டேம்' பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1930ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி காலமானார்.

சிங்கப்பூரில் அதே தேவை

மதராஸில் கண்ட அதே நிலை சிங்கப்பூரிலும் இருந்தது. இங்கும் சீன, மலாய், இந்தியப் பெண்கள் பலர் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கினர். இங்கும் ஒரு பெண் மருத்துவர் முன்வந்தார். 1909இல் ஆங்கிலிக்கன் ஆயராகப் பொறுப்பேற்ற கணவருடன் வந்த டாக்டர் சார்லட் ஃபெர்குசன்-டேவி, அதற்கு முன் இந்தியாவில் மருத்துவப் பணியாற்றியவர். 1913இல் பென்கூலன் ஸ்திரீட்டில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சிறு மருந்தகத்தைத் தொடங்கினார். நம்மவர்கள் தொழும் பென்கூலன் பள்ளிவாசல் இருப்பதும் அதே தெருவில்தான். 1923இல் எர்ஸ்கின் சாலையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனை எழுந்தது. அன்று தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்துப் பிழைத்த கடையநல்லூர்ப் பெண்களின் வீடுகளிலிருந்து அது நடந்து போகும் தூரம்தான். உள்ளூர்ப் பெண்களைத் தாதியராகவும் மருத்துவச்சிகளாகவும் பயிற்றுவித்தது அவரது பணியின் முக்கியப் பகுதியாக இருந்தது.

அரசும் மெல்ல விழித்துக்கொண்டது. மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொள்ளும் முறை 1910களில் ஏற்பட்டது. 1924ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இலவசப் பிரசவ மருத்துவமனையாக மாறியது. அப்போது அங்கே பெண்களுக்கு 30 படுக்கைகளும் குழந்தைகளுக்கு 12 படுக்கைகளும் மட்டுமே இருந்தன. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். சிராங்கூன் சாலை, தேக்கா வட்டாரத்தில் நம்மவர்களின் கால்நடைத் தொழில் நடந்த காலத்தின் பெயர் அது. மூன்று தலைமுறைகளாக நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தத் தொழுவத்தின் பெயரைத் தாங்கிய மருத்துவமனையில்தான் பிறந்தார்கள்.

கே.கே. மருத்துவமனையைப் பற்றிப் பேசும்போது டாக்டர் பெஞ்சமின் ஷீர்ஸைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1907இல் சிங்கப்பூரில் பிறந்து, இங்குள்ள ஏழாம் எட்வர்ட் அரசர் மருத்துவக் கல்லூரியில் படித்து 1929இல் தேர்ச்சி பெற்றவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மகப்பேற்றுப் பிரிவைத் தலைமையேற்று நடத்தினார், 1950இல் பேராசிரியரானார். அதுவரை சிசேரியன் அறுவையில் கருப்பையின் தடித்த மேற்பகுதியைக் கீறும் முறை இருந்தது. அதில் இரத்தப்போக்கு அதிகம். அடுத்த பிரசவத்தில் பழைய தழும்பு பிரிந்துவிடும் ஆபத்தும் உண்டு. மெல்லிய கீழ்ப்பகுதியைக் கீறும் பாதுகாப்பான முறையை இங்கு பரவச் செய்தவர் அவர். 1971இல் நாட்டின் இரண்டாவது அதிபராகி, 1981இல் மறையும் வரை அப்பதவியில் இருந்தார். நம் பாட்டிமார்களுக்கு அவரது அறுவை முறை தெரியாது. ஆனால் அதன் பலனைப் பெற்றவர்கள் அவர்களில் பலர்.

ஆண் மருத்துவர்கள் மிகுந்திருந்த அந்த மருத்துவமனைக்கு நம் பெண்கள் எப்படிச் செல்லத் தொடங்கினார்கள் என்று கேட்கலாம். தேவை ஏற்படும்போது ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கம் அனுமதிக்கிறது என்று உலமாக்கள் தெளிவுபடுத்தினார்கள். அதோடு மருத்துவமனையில் தாய்மார்களைப் பெரும்பாலும் கவனித்தவர்கள் பெண்களே. சிக்கலில்லாத பிரசவங்களை மருத்துவச்சிகள் பார்த்தார்கள். இடநெருக்கடியால் தாய்மார்களை விரைவிலேயே வீட்டுக்கு அனுப்பியபோது, அந்த மருத்துவச்சிகள் வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்தார்கள். 1966இல் மட்டும் கே.கே.யில் 39,835 பிள்ளைகள் பிறந்தன. ஓராண்டில் உலகிலேயே அதிகப் பிரசவங்கள் நடந்த மருத்துவமனை என்று அது கின்னஸ் நூலில் இடம்பெற்றது.

பழக்கமும் பாடமும்

வீடு தேடி வந்த மருத்துவச்சிகளும், தாய் சேய் நல நிலையங்களில் பணிபுரிந்த தாதியரும் செய்த முக்கியமான வேலை சொல்லிக் கொடுத்ததுதான். நம் வீடுகளில் அன்று பல பழக்கங்கள் இருந்தன. பிரசவித்த உடம்பு பச்சை உடம்பு என்பதால் தாய்க்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பார்கள். முதலில் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிவிட்டுப் பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார்கள். காற்றுப் படக்கூடாது என்று சாளரத்தை அடைத்து வைப்பார்கள். தாய்க்குத் தண்ணீர் வேண்டும், பால் சுரக்க அது அவசியம் என்றும், சீம்பால் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தரும் முதல் மருந்து என்றும் தாதியர் எடுத்துச் சொன்னார்கள். மாமியாரும் பாட்டியும் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் கேட்டார்கள், பார்த்தார்கள், மெல்ல மாறினார்கள்.

பழக்கம் எல்லாமே தவறு என்றும் நாம் சொல்ல மாட்டோம். நாற்பது நாள் ஓய்வு, பிறர் சமைத்துக் கொடுப்பது, தாயைத் தனியே விடாமல் பெண்கள் கூட இருப்பது ஆகியவை தாயின் உடலுக்கும் மனத்திற்கும் நன்மை செய்தவை. எது காக்கும், எது கெடுக்கும் என்று பிரித்தறியத்தான் கல்வி தேவைப்பட்டது.

பிள்ளைகளுக்கு இடைவெளி விடுவது பற்றிய பேச்சும் அக்காலத்தில் எழுந்தது. 1949இல் இங்கு குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. 1966இல் அரசு வாரியமும் அமைந்தது. டாக்டர் ஷார்லீப் எதிர்த்த அந்த விஷயத்தை நம் குடும்பங்களும் எளிதில் ஏற்கவில்லை. மார்க்கம் எந்த அளவுக்கு இடம் தருகிறது என்பது பற்றி வீடுகளில் விவாதங்கள் நடந்தன. அந்த விவாதத்தின் பயனாக, அதுவரை ஆண்கள் முன்னிலையில் பேசப்படாத பெண்ணின் உடல்நலம் முதல்முறையாகக் குடும்பத்தின் பேச்சானது.

இந்தப் பாடங்களும் சுத்தமான குடிநீரும் நல்ல வீடுகளும் தடுப்பூசிகளும் சேர்ந்து பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தன. 1950இல் சிங்கப்பூரில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் ஏறத்தாழ 82 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன் இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை 2 அளவில் இருக்கிறது. பேறுகாலத்தில் தாய் இறப்பது இன்று மிக அரிதாகிவிட்டது.

நாணமும் அறிவும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்ததை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். மாதவிடாய்த் தூய்மை பற்றி அன்சாரிப் பெண்மணி ஒருவர் நாயகத்திடமே கேட்டு அறிந்துகொண்டதும், மார்க்கத்தை விளங்கிக்கொள்ள நாணம் தங்களைத் தடுக்க அன்சாரிப் பெண்கள் இடம் தரவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்து கூறியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு நாணம் தடையாகக் கூடாது என்பது நமக்குப் புதிய பாடமன்று. இடைக்காலத்தில் நாம் மறந்துபோன பாடம் அது.

இன்று பெண் மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள். நம் சமுதாயப் பிள்ளைகளே மருத்துவர்களாகவும் தாதியராகவும் இருக்கிறார்கள். தாதியிடம் தமிழில் பேசலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் துணித் திரை விலகிய பிறகும் மௌனத் திரை நம் வீடுகளில் முழுமையாக விலகிவிடவில்லை. மார்பில் கட்டி தென்பட்டும் மகளிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் தாய்மார் உண்டு. மாதவிடாய் நின்றபின் மீண்டும் இரத்தம் கண்டாலும், 'இந்த வயதில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது' என்று இருந்துவிடுவோர் உண்டு.

சிங்கப்பூரில் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். 50 முதல் 69 வயது வரையிலான பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது சுகாதாரத் துறையின் பரிந்துரை. கருப்பை வாய்ப் புற்றுநோயை அது வருமுன்னே அறிந்து தடுக்கப் பரிசோதனை உண்டு. பள்ளி மாணவியருக்குத் தடுப்பூசியும் உண்டு. இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால், நம் பெண்கள் கருவுற்ற காலத்தில் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. கருவுற்றபோது சர்க்கரை வந்து பிரசவத்திற்குப் பின் மறைந்தாலும், பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இவை அனைத்தும் பலதுறை மருந்தகத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

இதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு. அன்று கோஷா ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் செல்ல வேண்டுமானால், வீட்டு ஆண் ஒருவர் 'போய் வா' என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்று அனுமதி கேட்கும் நிலை இல்லாவிட்டாலும், "உம்மா, பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டேன், நான் கூட வருகிறேன்" என்று மகன் சொன்னால் மறுக்கும் தாய் இருக்க மாட்டார்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளை நோக்கி நடக்கும் நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோளையும் இங்கே வைக்கிறோம். நம் குடும்பங்களில் எண்பது வயதைக் கடந்த பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கே பிள்ளை பெற்றார்கள், யார் பிரசவம் பார்த்தார்கள், என்ன சாப்பிடக் கொடுத்தார்கள், எந்தப் பிள்ளை தங்கவில்லை என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வோம். பேறுகாலத்தில் மௌத்தான பெண்களின் பெயர்களையும் கேட்போம். முதல் தாரம் என்று மட்டும் அறியப்பட்ட அந்தப் பெண்களின் பெயர்கள் அடுத்த மலரிலாவது இடம்பெற வேண்டும், இன்ஷா அல்லாஹ்.